தரச்சான்றும் மனச்சான்றும்

‘கடன்’ என்னும் சொல் தமிழில் இரு பொருள்களைத் தாங்கி நிற்கிறது. பிறரிடம் பெற்றுத் திருப்பித் தர வேண்டிய பொருளும் கடன். எதையும் பெறாமலே பிறருக்குச் செய்ய வேண்டிய கடமையும் கடன். இலத்தீன் மொழியிலோ, வங்கிகள் இன்று வழங்கும் ‘கிரெடிட்’ என்ற சொல், நம்புதல் என்று பொருள்படும் ‘கிரேதெரே’ என்ற வினையிலிருந்து பிறந்தது. நம்பிக்கை அறிக்கையின் முதற்சொல்லாகிய ‘கிரேதோ’வும் அதே வேரில் கிளைத்ததுதான். இவ்விரு மொழிகளையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது ஓர் உண்மை விளங்குகிறது. கடனைப் பெறுகிறவன் பக்கத்தில் அது கடமை. கொடுக்கிறவன் பக்கத்தில் அது நம்பிக்கை.

கொடுத்த கடன் திரும்பாமற் போகக்கூடும் என்ற வாய்ப்பைத்தான் பொருளியலார் ‘கடன் இடர்’ என்று அழைக்கிறார்கள். என் பணத்தை நான் ஒருவரை நம்பிக் கொடுத்து ஏமாந்தால், இழப்பு என்னோடு முடிகிறது. ஆனால் என் கையிலிருப்பது பிறர் பணம் என்றால்? அதை நான் நம்பிக் கொடுத்த இடம் வீழ்ந்துபோனால்? “விதிகளை எல்லாம் கடைப்பிடித்தேன். வல்லுநர்கள் உயர்ந்த தரம் என்றே சான்றளித்திருந்தார்கள். ஆகவே இழப்புக்கு நான் பொறுப்பல்ல” என்று சொல்லிவிட்டு நான் அமைதியாக உறங்கலாமா?

கணக்கர்களும் வங்கியாளர்களும் மட்டுமே எண்ணிப் பார்க்க வேண்டிய வினாவன்று இது. அறநெறி சார்ந்த வினா. அரசுப் பல்கலைக்கழகங்களின் முதலீடுகளை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனைச் சற்று ஆராய்வோம்.

ஒரு பல்கலைக்கழகம், பல பைகள்

அமெரிக்க நாட்டின் கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் 1868ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. இன்று 10 வளாகங்களைக் கொண்ட பெரும் அரசுப் பல்கலைக்கழகம் அது. மக்களின் வரிப்பணம், மாணவர்கள் கட்டும் தொகை, கொடையாளர் அளித்த செல்வம், ஊழியர்களின் ஓய்வூதியச் சேமிப்பு எனப் பல ஊற்றுகளிலிருந்து பணம் அங்கே வந்து சேர்கிறது. அதன் ஆட்சிக் குழு இவற்றை எல்லாம் ஒரே பையில் போட்டு வைப்பதில்லை. ஊதியம், மின்கட்டணம் போன்ற அன்றாடச் செலவுகளுக்கான பணம் குறுகிய கால முதலீட்டுத் தொகுப்பில் இருக்கிறது. சில ஆண்டுகள் காத்திருக்கக்கூடிய பணத்துக்கென 2008ஆம் ஆண்டில் வேறொரு தொகுப்பு தொடங்கப்பட்டது. கொடையாளர் நிறுவிய நிலைநிதிகளுக்கான பொதுத் தொகுப்பு 1933 முதல் இருந்து வருகிறது. ஓய்வூதிய நிதி இவற்றினின்று வேறானது.

ஏன் இத்தனை பைகள்? ஒவ்வொரு பைக்கும் உரியவர் வேறு. அவருக்குப் பணம் தேவைப்படும் நாளும் வேறு. நிலைநிதியை எண்ணிப் பாருங்கள். கொடுத்தவர் பலவேளைகளில் கல்லறையில் உறங்குகிறார். பெறப்போகும் மாணவரோ இன்னும் பிறக்கவில்லை. இருவருக்கும் இடையில், இன்று உயிரோடிருக்கும் ஒரு குழு அமர்ந்து முடிவெடுக்கிறது. தம் பொருட்டுப் பேச அவையில் இல்லாத இவ்விருவருக்காகவும் பேசுவதே அக்குழுவின் கடன்.

ஒரே கடன் பத்திரம் ஒரு பைக்குப் பொருத்தமாகவும் மற்றொரு பைக்குத் தவறாகவும் இருக்கக்கூடும். ஒரு பல்கலைக்கழகம் 10 கோடி டாலரை அரசுப் பத்திரத்தில் இடாமல், அரை விழுக்காடு கூடுதல் வட்டி தரும் நிறுவனத்துக்கு ஓராண்டுக் கடனாகத் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். கூடுதலாகக் கிடைப்பது 5 இலட்சம் டாலர். அந்நிறுவனம் வீழ்ந்து முழுத்தொகையும் மறையும் வாய்ப்பு 200இல் 1 என்றால், கணக்கேட்டில் ஆதாயமும் இடரும் ஏறத்தாழச் சமம். ஆனால் வாழ்க்கையில் அவை சமமல்ல. 5 இலட்சம் கூடினால் எவர் வாழ்வும் பெரிதும் மாறப்போவதில்லை. அடுத்த மாத ஊதியத்துக்கு வைத்திருந்த 10 கோடி மறைந்தால், முதலில் வாடுவது துப்புரவுப் பணியாளரின் குடும்பம். 50 ஆண்டுகள் காத்திருக்கக்கூடிய நிலைநிதியின் ஒரு சிறு பங்கு அதே இடரை ஏற்றால், அதில் தவறேதும் இல்லாதிருக்கலாம். எண் ஒன்றே, அறம் வேறு.

எழுத்துகளின் ஆட்சி

கடன் கேட்பவர் எத்தகையவர் என்பதை எவ்வாறு அறிவது? இதற்கென்றே தர மதிப்பீட்டு நிறுவனங்கள் இருக்கின்றன. மூடீஸ், ஸ்டாண்டர்ட் அண்ட் புவர்ஸ், ஃபிட்ச் ஆகிய மூன்றும் அவற்றுள் பெரியவை. மூன்று ‘ஏ’ எழுத்துகள் பெற்றவர் தலைசிறந்தவர். எழுத்து இறங்க இறங்க நம்பகமும் இறங்கும். இவ்வேற்பாட்டில் ஒரு முரண்பாடு உண்டு. 1970களிலிருந்து, இச்சான்றுக்கான கட்டணத்தைப் பெரும்பாலும் செலுத்துவது கடன் கொடுப்பவரல்லர், கடன் வாங்குபவரே. தேர்வு எழுதுகிறவனே திருத்துகிறவருக்கு ஊதியம் அளிப்பது போன்றது இது.

அமெரிக்க அரசு சார்ந்த அமைப்புகள் எப்படிக் கணக்கு வெளியிட வேண்டும் என்று வகுக்கும் வாரியம், 2003ஆம் ஆண்டில் தன் 40ஆவது விதிமுறையை வெளியிட்டது. அரசுப் பல்கலைக்கழகங்களும் அதற்குக் கட்டுப்பட்டவை. தாம் வைத்திருக்கும் கடன் பத்திரங்களின் தரம் என்ன? மொத்த முதலீட்டில் 5 விழுக்காடோ அதற்கு மேலோ ஒரே நிறுவனத்திடம் குவிந்திருக்கிறதா? பணத்தைக் காக்கும் வங்கியே வீழ்ந்தால் பொருள் மீளுமா? இவற்றை எல்லாம் ஆண்டறிக்கையில் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று அது பணித்தது. நல்ல விதி இது. ஒவ்வோர் ஆண்டும் தன்னைத் தானே ஆய்வு செய்து, அதனை ஊரறியச் சொல்லும்படி ஒரு நிறுவனத்தைக் கட்டாயப்படுத்துவது சிறு நன்மையன்று. ஆயினும் வெளிப்படுத்துவது வேறு, தீர்ப்பிடுவது வேறு. இடர் எங்கிருக்கிறது என்பதை விதி காட்டும். அதனை ஏற்கலாமா என்பதை மனிதர்தாம் முடிவு செய்ய வேண்டும்.

2008ஆம் ஆண்டின் பாடம்

2008 செப்டம்பர் 15 அன்று லேமன் பிரதர்ஸ் என்ற முதலீட்டு வங்கி நொடித்தது. அதற்குச் சில நாள்கள் முன்புவரை மதிப்பீட்டு நிறுவனங்கள் அதற்கு ‘ஏ’ வரிசைத் தரத்தையே அளித்திருந்தன. ரிசர்வ் பிரைமரி ஃபண்ட் என்ற 6,200 கோடி டாலர் மதிப்புள்ள நிதியம், லேமனுக்கு 78.5 கோடி டாலர் கடன் தந்திருந்தது. பணத்தைக் கையில் வைத்திருப்பதற்கு நிகரான பாதுகாப்பு என்று கருதப்பட்ட வகையைச் சேர்ந்த நிதியம் அது. மறுநாள் செப்டம்பர் 16 அன்று, அதில் இட்ட ஒரு டாலரின் மதிப்பு 97 சென்டாகக் குறைந்தது.

அதே மாதம் 29ஆம் நாள், காமன்ஃபண்ட் என்ற அமைப்பின் குறுகிய கால நிதியம் பூட்டப்பட்டது. நூற்றுக்கணக்கான கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும் தம் அன்றாடச் செலவுக்கான பணத்தை, ஏறத்தாழ 930 கோடி டாலரை, அதில் இட்டிருந்தன. அதன் பொறுப்பாளராக இருந்த வக்கோவியா வங்கி அப்பொறுப்பிலிருந்து விலகுவதாக அறிவித்தது. அவ்வங்கியே அன்று வீழ்ச்சியின் விளிம்பில் நின்றது. தத்தம் பணத்தில் 10 விழுக்காட்டை மட்டுமே கல்லூரிகள் முதலில் எடுக்க முடிந்தது. பணத்தின் பெரும்பகுதி அழிந்துவிடவில்லை, அது பூட்டப்பட்டது. ஆனால் ஊதிய நாளன்று, பூட்டிக் கிடக்கும் பணத்துக்கும் இல்லாத பணத்துக்கும் வேறுபாடு மிகக் குறைவு.

கடலுக்கு அப்பால் இங்கிலாந்திலும் இதே கதைதான். 2008 அக்டோபரில் ஐஸ்லாந்து நாட்டின் மூன்று பெரிய வங்கிகளும் ஒரே வாரத்தில் சரிந்தன. 2007 பிப்ரவரியில் மூடீஸ் நிறுவனம் இம்மூன்றுக்கும் தன் மிக உயர்ந்த தரத்தை வழங்கியிருந்தது; சில வாரங்களில் அதனைக் குறைத்தது. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் 3 கோடி பவுண்டையும், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் 1.1 கோடி பவுண்டையும் ஐஸ்லாந்து வங்கிகளில் இட்டிருந்தன. உள்ளாட்சி மன்றங்கள் 127, மொத்தம் 95.4 கோடி பவுண்டை அங்கே வைத்திருந்தன. உள்ளாட்சிகளின் கணக்கைத் தணிக்கை செய்த ஆணையம் 2009 மார்ச்சில் ஓர் அறிக்கை வெளியிட்டது. தரம் இறக்கப்பட்ட பின்னரும் 7 மன்றங்கள் பணம் இட்டதாக அது கண்டித்தது. இதில் வியப்பு என்னவென்றால், அந்தத் தணிக்கை ஆணையமே 1 கோடி பவுண்டை ஐஸ்லாந்து வங்கிகளிடம் சிக்கவிட்டிருந்தது! அவ்வங்கிகளுள் ஒன்றான லேன்ட்ஸ்பாங்கி, முன்னுரிமை பெற்றோரின் கணக்கை முழுமையாகத் தீர்க்க 2016 ஜனவரிவரை ஆயிற்று.

இரு வகையான தவறுகள் இங்கே தெரிகின்றன. சான்றிதழைப் பாராமல் பணம் இட்டவர்கள் ஒரு வகை. சான்றிதழை மட்டுமே பார்த்துப் பணம் இட்டவர்கள் மற்றொரு வகை. முதல் வகையினரை அனைவரும் கண்டிக்கிறோம். இரண்டாம் வகையினருக்கோ, “அவர்கள் என்ன செய்வார்கள், பாவம்!” என்று பரிந்து பேசுகிறோம். சிந்திக்க வேண்டிய இடம் இதுதான்.

அறிவுரை வேறு, தீர்ப்பு வேறு

மனச்சான்று என்பது ஓர் உணர்ச்சியன்று. அது ஒரு தீர்ப்பு என்று அறநெறி இறையியல் கற்பிக்கிறது. தீர்ப்பிடும் முன் அறிந்தோரிடம் அறிவுரை கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஆனால் தீர்ப்பையே மற்றொருவர் கையில் ஒப்படைத்துவிட முடியாது. தரச்சான்று என்பது ஓர் அறிவுரை. தாங்கள் தருவது கருத்து மட்டுமே என்று மதிப்பீட்டு நிறுவனங்களும் நீதிமன்றங்களில் பலமுறை வாதிட்டிருக்கின்றன. கொடுத்தவர் கருத்து என்று சொல்வதை, பெற்றவர் தீர்ப்பாக எடுத்துக்கொண்டால் யார்மீது குறை?

இங்கே நியாயமான ஒரு மறுப்பு எழும். பெரிய நிறுவனங்களின் நூற்றுக்கணக்கான ஆய்வாளர்களால் காண முடியாததை, ஒரு பல்கலைக்கழகத்தின் நிதி அலுவலகத்தில் அமர்ந்திருக்கும் நான்கைந்து பேர் எப்படிக் காண முடியும்? தம்மை அவர்களினும் அறிவாளிகள் என்று எண்ணிக்கொள்வது செருக்கன்றோ? உண்மைதான். தொலைதூர வங்கியைப் பற்றி மதிப்பீட்டாளரைவிட அதிகமாக அவர்கள் அறிய வேண்டியதில்லை. ஆனால் தம் பையைப் பற்றி அவரைவிட அதிகமாக அறிந்தாக வேண்டும். இப்பணம் என்று தேவைப்படும், இது போனால் யார் அழுவார், எவ்வளவு போனால் தாங்க முடியும் என்பவை எந்த மதிப்பீட்டாளருக்கும் தெரியாது. வங்கி வீழும் வாய்ப்பை அவர் சொல்வார். வீழ்ந்தால் அது யார் தலையில் விழும் என்பதைச் சொல்லமாட்டார். அந்த இரண்டாம் பாதியை நிரப்புவதுதான் பொறுப்பாளரின் வேலை. பணத்தை ஒரே இடத்தில் குவிக்காமல் பகிர்ந்து வைப்பதும், புரியாத பத்திரத்தை வாங்காமல் விடுவதும், கூடுதல் வட்டி ஏன் வருகிறது என்று வினவுவதும் பேரறிவு வேண்டும் செயல்களல்ல. முன்மதி என்னும் தலையாய நற்பண்பு வேண்டும் செயல்கள் அவை.

‘தெரிந்து தெளிதல்’ என்று ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவர், ஆராயாது நம்புவதும், ஆராய்ந்து நம்பியபின் ஐயுறுவதும் துன்பத்திலேயே முடியும் என்று காட்டினார். மனிதருக்கிடையே அது பொருந்தும். நண்பனை நாள்தோறும் சோதித்துக்கொண்டிருந்தால் நட்பு வாழாது. ஆனால் பிறர் பணத்தைக் கடனாகக் கொடுத்தவர் நம்பிய பின்னும் ஆராய்ந்துகொண்டேயிருக்கக் கடமைப்பட்டவர். ஏனெனில் அவர் வைத்தது தம் நம்பிக்கையன்று, பிறருடைய நம்பிக்கை.

இடரைத் தாங்குபவர் யார்?

13ஆம் நூற்றாண்டில் புனித தாமஸ் அக்குவினாஸ் வட்டியைக் கடுமையாகக் கண்டித்தார். ஆயினும் ஒரு வணிகரோடு கூட்டுச் சேர்ந்து பணம் இடுபவர் ஆதாயத்தில் பங்கு கேட்கலாம் என்று அவர் ஏற்றுக்கொண்டார். பணம் இன்னும் அவருடையதே; அது அழியும் இடரையும் அவரே தாங்குகிறார் என்பதே அதற்குக் காரணம். இடரைத் தாங்குபவருக்கே ஆதாயத்தில் உரிமை என்ற இக்கருத்து இன்றும் கூர்மையானது. இதனைப் பல்கலைக்கழக முதலீட்டுக்கு உரைகல்லாக வைத்துப் பார்ப்போம். ஆதாயம் வந்தால் யாருக்கு? இழப்பு வந்தால் யாருக்கு? நிதி மேலாளருக்கு ஆதாயத்தில் ஊக்கத்தொகையும், மாணவர்களுக்கு இழப்பில் கட்டண உயர்வும் போய்ச் சேருமானால், தரச்சான்று எத்தனை உயர்ந்ததாயினும் நீதி அங்கே குறைபட்டே நிற்கிறது.

அண்மைக்கால எடுத்துக்காட்டு ஒன்று. 2023 ஜனவரியில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகம், பிளாக்ஸ்டோன் நிறுவனத்தின் வீட்டுமனை முதலீட்டு நிதியத்தில் 400 கோடி டாலர் இட்டது; அதே மாதம் மேலும் 50 கோடி சேர்த்தது. பல முதலீட்டாளர்கள் அந்நிதியத்திலிருந்து பணத்தைத் திரும்பப் பெற முயன்றுகொண்டிருந்த நேரம் அது. ஆறு ஆண்டுகளுக்கு, ஆண்டுதோறும் சராசரியாகக் குறைந்தது 11.25 விழுக்காடு ஆதாயம் கிடைக்கும் என்று முதற்பணத்துக்கு வாக்களிக்கப்பட்டது. அதற்கு ஆதரவாக பிளாக்ஸ்டோன் 100 கோடி டாலர் மதிப்புள்ள பங்குகளை ஒதுக்கியது. அவை எந்தப் பங்குகள்? அதே நிதியத்தின் பங்குகளே. இது கண்டிப்பான பொருளில் கடன் அன்று, பங்கு முதலீடுதான். ஆனால் வாக்குறுதி என்று ஒன்று வந்துவிட்டால் கடன் இடரும் உடன் வந்துவிடுகிறது. சுவர் சாய்ந்தால் தாங்குவதற்கு, அதே சுவரின் கற்களை எடுத்து முட்டுக் கொடுத்தது போன்றதன்றோ இது?

இதற்கு மற்றொரு பக்கமும் உண்டு. அந்நிதியத்தின் சொத்துகளில் வாடகைக் குடியிருப்புகள் பெரும்பங்கு வகிக்கின்றன. பல்கலைக்கழக ஊழியர்களின் ஒரு தொழிற்சங்கமே இம்முதலீட்டை எதிர்த்தது. வாடகைச் சுமையால் வாடும் ஊழியரின் எதிர்காலம், மற்றொரு குடியிருப்பில் வாடகை ஏறுவதைச் சார்ந்து நிற்கலாமா என்பது அவர்கள் கேள்வியின் உட்பொருள். இதில் இரு தரப்பிலும் நியாயம் உண்டு. ஓய்வூதியம் வாக்களித்தவர் அதற்குப் பணம் ஈட்டித்தான் ஆக வேண்டும். ஆனால் இடரை ஒருவர் தோளிலிருந்து இறக்கி, கண்ணுக்குத் தெரியாத மற்றொருவர் தோளில் ஏற்றுவதை ‘இடர் மேலாண்மை’ என்று அழைக்கும் முன், அந்தத் தோள் யாருடையது என்று பார்ப்பதே அறம்.

புதைத்து வைத்தல் தீர்வாகுமா?

இத்தனை துன்பம் ஏன், அனைத்தையும் அரசுப் பத்திரத்தில் இட்டுவிட்டு அமைதியாக இருக்கலாமே என்று தோன்றும். நாம் அறிந்த தாலந்து உவமையில், அச்சத்தால் பணத்தை மண்ணில் புதைத்தவன் முன்மதியுள்ளவனாகப் பாராட்டப்படவில்லை. வட்டிக்கடைக்காரரிடமாவது கொடுத்திருக்கலாம் என்று கடிந்துகொள்ளப்பட்டான். விலைவாசி ஏறும் உலகில் புதைத்த பணம் தேய்ந்துகொண்டே போகும். அந்தத் தேய்மானத்தை யாரும் செய்தித்தாளில் எழுதமாட்டார்கள். ஆனால் 50 ஆண்டுகளுக்குப் பின் உதவித்தொகை கேட்டு வரும் ஏழை மாணவி அதனை உணர்வாள்.

அன்றியும், முற்றிலும் இடரற்ற இடம் என்று ஒன்று இவ்வுலகில் இல்லை. வெளிப்படையான அரசு உறுதி பெற்ற அமெரிக்கப் பத்திரங்களுக்குக் கடன் இடர் இல்லை என்றே மேலே சொன்ன 40ஆவது விதி கருதுகிறது. ஆனால் அவ்வரசே தன் மிக உயர்ந்த தரத்தை 2011இல் ஸ்டாண்டர்ட் அண்ட் புவர்ஸிடமும், 2023இல் ஃபிட்ச்சிடமும், 2025 மே மாதம் மூடீஸிடமும் இழந்தது. 2023 மார்ச்சில் வீழ்ந்த சிலிக்கான் வேலி வங்கி, கடன் திரும்பாத பத்திரங்களால் வீழவில்லை. அரசும் அரசு சார் நிறுவனங்களும் பொறுப்பேற்ற பத்திரங்களையே அது பெருமளவில் வைத்திருந்தது. வட்டி விகிதம் உயர்ந்து அவற்றின் விலை சரிந்தபோது, பணம் இட்டவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் வாசலில் வந்து நின்றார்கள். ஒரு கதவை அடைத்தால் இடர் மறு கதவு வழியாக வருகிறது.

ஆகவே இடரே இல்லாமல் வாழ்வதன்று நம் இலக்கு. அது மனிதருக்கு அருளப்படவில்லை. எந்த இடரை, எவர் பொருட்டு, எவ்வளவு ஏற்கிறோம் என்பதை விழித்த கண்களோடு ஏற்பதே இலக்கு.

முடிவாக

தொடக்கத்தில் கேட்ட வினாவுக்கு இப்போது விடை கூறலாம். விதிகளைக் கடைப்பிடித்தவர் சட்டத்தின்முன் குற்றமற்றவர். அவ்விதிகள் தேவையானவை, அவற்றை மீறியவருக்கு முன்மதியைப் பற்றிப் பேசும் தகுதியில்லை. ஆயினும் விதி என்பது அறத்தின் வாசற்படி. வீடு அதற்கு அப்பால் இருக்கிறது. எதிர்பாராப் புயலில் கலம் கவிழ்ந்தால் மாலுமியைப் பழிப்பது முறையன்று. அதுபோல, ஆராய்ந்து, பகிர்ந்து, தாங்கக்கூடிய அளவறிந்து முதலிட்டவரிடம் இழப்பு நேர்ந்தால், அவர் மனச்சான்று அவரைக் குற்றப்படுத்தாது. எழுத்தைப் பார்த்துக் கையெழுத்திட்டுவிட்டு ஆளைப் பாராமல் இருந்தவருக்கோ, ஆதாயமே வந்தாலும் அந்த அமைதி உரியதன்று. அவர் தப்பியது தற்செயல். அவருடைய பொறுப்புணர்வுக்கு அதில் பங்கில்லை.

கலிபோர்னியாவின் கோடிக்கணக்கான டாலர்கள் நமக்குத் தொலைவானவை. ஆனால் பங்கின் நிதிக்குழுவில் அமர்ந்திருப்பவரும், மகளிர் குழுவின் சேமிப்பேட்டை வைத்திருப்பவரும், கூட்டுறவுச் சங்கத்தின் காசோலையில் ஒப்பமிடுபவரும் இதே நாற்காலியின் சிறிய வடிவங்களில்தான் அமர்ந்திருக்கிறார்கள். ஒப்பமிடும் முன் அவர்கள் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. இது யாருடைய பணம்? இது திரும்பாவிட்டால் யார் வீட்டு அடுப்பு அணையும்? அவரை இங்கே அழைத்து இந்தத் தாளைக் காட்டினால், அவர் கண்களை நேராகப் பார்த்து இதை விளக்க என்னால் முடியுமா?

மூன்றாம் கேள்விக்கு ‘முடியும்’ என்று சொல்லக்கூடியவர் பேனாவை எடுக்கட்டும்.